பேசக் கற்ற வத்தலக்குண்டுக்காரர்

திண்டுக்கல்லிலே தோல் ஷாப்பு வாசல் கூட்டங்களிலும், நூல் மில் வாசல் கூட்டங்களிலும் நாம் அடிக்கடி பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. சங்கத்தின் உயிர்நாடியே அந்தத் தோழர்தான். யாருக்கு எத்தனை நாள் கூலி பாக்கி, எந்த மேஸ்திரி எவன் தலையில் கை வைத்தான், போனஸ் கணக்கில் எங்கே ஓட்டை, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். டீக்கடை பெஞ்சிலே உட்கார்ந்தால் அரை மணி நேரம் ஆணித்தரமாகப் பேசுவார். ஆனால் மேடைக்கு அழைத்து ஒலிபெருக்கி முன்னால் நிறுத்திப் பாருங்கள். தொண்டையைக் கனைப்பார். தலைவர் அவர்களே என்பார். அப்புறம் வேர்க்கும். எனக்குப் பேச வராதுங்க என்று இறங்கி விடுவார். கூட்டம் கை தட்டும். அவர் முகத்திலே மட்டும் சிரிப்பிருக்காது.

பேச வராது என்று சொல்லும் தோழரிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றுதான். நீங்கள் எதற்காகப் பேசக் கற்க வேண்டும்? இதற்கு அவரவருக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கும். ஒருவருக்கு உத்தியோக உயர்வு, இன்னொருவருக்குக் கைதட்டல், மற்றொருவருக்கு அதிகாரியின் முன்னால் நடுங்காமல் நிற்க வேண்டும் என்ற ஆசை. காரணம் எதுவோ, பேச்சும் அதற்குத் தக்கபடிதான் அமையும். பழைய கிரேக்க நாட்டு டெமஸ்தனிஸ் வாயிலே கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு கடலலையை எதிர்த்துப் பேசிப் பழகினான் என்ற கதையைச் சொல்லாத பேச்சாளர் நம் நாட்டில் இல்லை. ஆனால் அவன் பேச்சைத் தேடிப் போன காரணத்தை யாரும் சொல்வதில்லை. தகப்பன் விட்டுச் சென்ற சொத்தைக் காப்பாளர்களாக நியமிக்கப்பட்டவர்களே சாப்பிட்டு விட்டார்கள். அவர்கள் மேல் வழக்குப் போட்டுத் தானே நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய நிலை அந்த இளைஞனுக்கு. கூழாங்கல் கதை மெய்யோ பொய்யோ, வழக்கு மெய்.

நம் சீமையிலேயே அப்படி ஒருவர் இருந்தார். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாக மேற்கே போனால் கொடைக்கானல் மலையடிவாரத்திலே வத்தலக்குண்டு. வெற்றிலைக்குப் பேர் போன ஊர். இன்றைக்குத் திண்டுக்கல் மாவட்டம். அன்றைக்கு மதுரை ஜில்லா. அந்த ஊரிலே 1884 அக்டோபர் 4ஆம் தேதி பிறந்தவர் சுப்பிரமணிய சிவா.

அந்தச் சிற்றூருக்கு எழுத்திலே ஒரு ராசி உண்டு போலும். கமலாம்பாள் சரித்திரம் என்ற நாவலை 1893லிருந்து விவேகசிந்தாமணியில் எழுதிய ராஜமய்யர் அந்த ஊர்க்காரர். பின்னாளில் எழுத்து பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பாவும் அந்த ஊரோடு சேர்த்தே பேசப்படுகிறவர். சிவாவின் தகப்பனார் பெயரும் ராஜமய்யர்தான் என்பதால் நாவலாசிரியரையும் அவரையும் குழப்பிக் கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருவரும் வேறு வேறு ஆட்கள். நாவலாசிரியர் 1898இல் இருபத்தாறு வயதிலேயே இறந்து போனார்.

சிவாவின் வீட்டிலே வறுமை. மதுரையிலே கொஞ்சம் படித்தார். பிறகு திருவனந்தபுரத்துக்குப் போனார். ஏன் அவ்வளவு தூரம்? சமஸ்தானத்து ஊட்டுப்புரையிலே பிராமணப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சாப்பாடு கிடைக்கும். வயிறு இழுத்த பக்கம் கால் போயிற்று. அந்த இலவசச் சோறு எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கிடைத்ததா என்று நம் வாசகர்கள் கேட்பார்கள். கிடைக்கவில்லை. அதையும் சேர்த்தேதான் இந்தச் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். கோயம்புத்தூரிலும் சில காலம் படித்தார். படிப்பு முழுமையாகவில்லை.

ஆக, அந்தப் பையன் முதன்முதலில் மொழியைக் கற்றது வயிற்றுக்காக. இங்கிலீஷ் தெரிந்தால் குமாஸ்தா வேலை. குமாஸ்தா வேலை கிடைத்தால் வீட்டில் உலை. அன்றைய நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காரணம் அதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றைக்குத் திண்டுக்கல் பஸ் நிலையத்தைச் சுற்றி இங்கிலீஷ் பேசக் கற்றுத் தருகிறோம் என்று பலகை மாட்டியிருக்கிற இடங்களுக்குச் சாயங்காலம் போகிற மில் தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும் காரணம் அதேதான். அவர்களைக் கேலி செய்கிற மேதாவிகளோடு நமக்கு உடன்பாடில்லை.

ஆனால் சிவாவுக்கு அந்தக் காரணம் நீடிக்கவில்லை. 1906ஆம் ஆண்டு திருவனந்தபுரத்துக்கு ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த வடநாட்டுப் பேச்சாளர் ஒருவர் வந்தார். தேசத்தைப் பற்றிப் பேசினார். கேட்டுக் கொண்டிருந்த இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு உள்ளே ஏதோ பற்றிக் கொண்டது. ஒரு மனிதன் நின்று பேசினால் இன்னொரு மனிதனின் வாழ்க்கை திரும்பி விடுகிறது என்பதை அவர் புத்தகத்திலே படித்துத் தெரிந்து கொள்ளவில்லை. தன் மேலேயே நடந்து பார்த்துத் தெரிந்து கொண்டார். அதுமுதல் அவருக்குப் பேச்சின் மேல் வெறி. தர்ம பரிபாலன சமாஜம் என்று ஒரு சங்கம் வைத்தார். இளைஞர்களைக் கூட்டினார். பேசினார். சமஸ்தான அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை. ஊரை விட்டுப் போ என்று உத்தரவு பிறந்தது.

போனார். எப்படிப் போனார் என்பதுதான் முக்கியம். நடந்தே போனார். ஊர் ஊராக நின்று பேசிக்கொண்டே போனார். அவர் பேச்சுக்கலை பயின்ற பள்ளிக்கூடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், திருவனந்தபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள ரஸ்தாவைத்தான் நாம் காட்ட வேண்டும். சத்திரத்துத் திண்ணை, குளத்தங்கரை, சந்தை, கோயில் வாசல். அங்கே உட்கார்ந்திருக்கிற ஜனங்களுக்கு மேற்கோளும் தெரியாது, மில்டனும் தெரியாது. பாரதக் கதை தெரியும், கூத்துத் தெரியும், கதாகாலட்சேபம் தெரியும். புரியாவிட்டால் மரியாதைக்காகக் கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எழுந்து போய் விடுவார்கள். அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் உண்டா? அவர்கள் காதுக்குப் பழக்கமான நடையை அவர் பிடித்துக் கொண்டது இந்த நடைப்பயணத்தில்தான் என்பது நமது எண்ணம்.

இங்கே ஒரு விஷயத்தை இன்றைய தோழர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று தமிழ்நாட்டிலே அரசியல் கூட்டம் என்றால் தமிழ்தான். அன்று அப்படி இல்லை. அரசியல் என்பது வக்கீல்களும் மிராசுதார்களும் இங்கிலீஷிலே பேசிக் கொள்கிற காரியமாக இருந்தது. 1907ஆம் ஆண்டு விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசினார், பெருங்கூட்டம் கூடியது, பேச்சு இங்கிலீஷ். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியாருக்கு அவருடைய இங்கிலீஷ் பேச்சுக்காக வெள்ளி நாக்குக்காரர் என்று பட்டம் கிடைத்தது. சாமர்த்தியத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளி நாக்கு பேசியதில் ஒரு வார்த்தையாவது கோரல் மில்லில் பஞ்சு தூசியைச் சுவாசித்துக் கொண்டிருந்தவனுக்கு எட்டியிருக்குமா? தமிழில் அரசியல் பேசிய முதல் ஆள் சிவா என்று நாம் சாதிக்கவில்லை. சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவருக்கு முன்பே ஊர் ஊராகப் போய்த் தமிழிலே பேசினார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் தினந்தோறும், மாலைதோறும், கூலிக்காரனையும் கடைக்காரனையும் மணலிலே உட்கார வைத்துப் பேசி, அந்தப் பேச்சு ஒரு வேலைநிறுத்தமாக மாறியதைக் கண்ட ஊர் தூத்துக்குடி.

தூத்துக்குடியிலே வ.உ. சிதம்பரனார் இருந்தார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக் கப்பல் கம்பெனியோடு மல்லுக்கு நின்ற மனிதர். அவர் வக்கீல், சட்டம் தெரிந்தவர், தமிழ் படித்தவர். வந்தவரோ கையிலே காசில்லாத பரதேசி. சிதம்பரனார் அவரை வீட்டிலே தங்க வைத்துச் சோறு போட்டார். இந்தச் சோற்றுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

1908 பிப்ரவரி. தூத்துக்குடிக் கடற்கரையில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள். சிவா பேசுவார், சிதம்பரனார் பேசுவார். ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில் வேலை செய்தவர்கள் கேட்டார்கள். குறைந்த கூலி, இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிற வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கூட இல்லை. இதையெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, முதுகிலே எழுதியிருந்தது. சிவா சொன்னது, இது விதி அல்ல என்பது. பிப்ரவரி 27ஆம் தேதி மில் நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வெளியே வந்தார்கள்.

வேலைநிறுத்தம் ஒன்பது நாள். சங்கம் கிடையாது, சந்தா கிடையாது, தொழிற்சங்கச் சட்டம் வர இன்னும் பதினெட்டு வருஷம் இருந்தது. ஊரே சங்கமாயிற்று. தொழிலாளிகளுக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரத் தொழிலாளி பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிக் கொண்டு எழுந்து விட்டார் என்று தூத்துக்குடியில் சொல்வார்கள். அந்தச் சவரத் தொழிலாளி எந்த மேடையிலும் ஏறியவர் அல்லர். ஆனால் அன்றைக்கு ஊரிலே மிக நன்றாகப் பேசியவர் அவர்தான் என்று சொல்ல வேண்டும்! கடைசியிலே மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. இன்று திண்டுக்கல்லிலே வார விடுமுறையைப் பிறப்புரிமையாக அனுபவிக்கிற தோழர்கள், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக நடந்த இந்த ஒன்பது நாளை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிவாவுக்குப் பேசுவதற்கு இப்போது மூன்றாவது காரணம் கிடைத்து விட்டது. வயிற்றுக்காகக் கற்றது போய், நெஞ்சில் பற்றிய நெருப்புக்காகப் பேசியதும் போய், எதிரே உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காகப் பேச்சு. இந்த மூன்றாவதுதான் சர்க்காரைப் பயப்படுத்தியது.

மார்ச் 9ஆம் தேதி விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான நாள். தடையை மீறித் திருநெல்வேலியில் கொண்டாடினார்கள். 12ஆம் தேதி சிதம்பரனாரும் சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள்.

இதிலே நாம் ஒரு கேள்வியை ஒளிக்காமல் கேட்க வேண்டும். சிவாவின் பேச்சு அளவுக்கு மீறிய சூடாக இருந்ததா? ஜனங்களை எழுப்பி விட்டு, எழுந்த ஜனங்களை நடத்திச் செல்ல அமைப்பு இல்லாமல் விட்டு விட்டதா? தலைவர்களைப் பிடித்தவுடன் எல்லாம் சிதறிப் போயிற்று என்பது உண்மை. கப்பல் கம்பெனியும் அதோடு நொடித்தது. பேச்சு வளர்ந்த வேகத்திலே சங்கம் வளரவில்லை. அதே போல அவர் பேச்சிலே மத வாசனை அதிகம் என்பதும் உண்மை. தேசத்தைத் தெய்வமாக்கிப் பேசினார், காளியை அழைத்தார். ஜனங்களுக்குப் பழக்கமான மொழி அது என்று சமாதானம் சொல்லலாம். அந்த மொழியால் அணைக்கப்பட்டவர்கள் உண்டு; அந்த மொழி கேட்டு ஒதுங்கி நின்றவர்களும் உண்டு. பேசப் பழகுகிற தோழர்கள் இதையும் கவனிக்க வேண்டும். நாம் சொல்லும் உவமை யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வாசலிலே நிறுத்துகிறது?

வழக்கு நடந்தது. நீதிபதி பின்ஹே என்ற வெள்ளைக்காரர். குற்றம் என்ன? குண்டு வீசினாரா? கொள்ளையடித்தாரா? இல்லை. பேசினார். கடற்கரையிலே தமிழிலே பேசினார். அதைப் பக்கத்திலே நின்று போலீஸார் கைப்பட எழுதி வைத்துக் கொண்டார்கள். தமிழிலே சுருக்கெழுத்து அப்போது போலீஸாரிடம் வழக்கத்தில் இல்லை. வேகமாகப் பேசுகிற மனிதனின் வார்த்தைகளைச் சாதாரண எழுத்திலே எவ்வளவு பிடிக்க முடியும்? தொழிலாளித் தோழர்களே சொல்லுங்கள்! ஆனால் அந்தக் குறிப்புகள்தான் சாட்சியம். 1908 ஜூலை 7ஆம் தேதி தீர்ப்பு. சிவாவுக்குப் பத்து வருஷம் தீவாந்தரம். சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனை. ஒன்று அவர் பேசியதற்கு. மற்றொன்று சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு. அதாவது பேசுகிறவனுக்கு இடம் கொடுத்துச் சோறு போட்டதற்கு விலை இருபது வருஷம்! அப்பீலிலே இது குறைந்தது. சிவாவுக்கு ஆறு வருஷம் என்று ஆயிற்று. அதே ஜூலையில் பம்பாயிலே திலகருக்கும் ஆறு வருஷம் போட்டார்கள். பம்பாய் மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலையை நிறுத்திப் பதில் சொன்னார்கள்.

சிறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி, சேலம். கடும் வேலை. உள்ளே போன போது நல்ல உடல். 1912 நவம்பரில் வெளியே வந்த போது தொழுநோய். அன்று அதற்கு மருந்து கிடையாது. இன்று மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்து விடுகிற வியாதி. அன்று அது உயிரோடு இருக்கும்போதே செத்தவனாக்கும் தண்டனை.

இங்கேதான் நாம் அவரை விட்டு நகர முடியாமல் நிற்கிறோம். யோசித்துப் பாருங்கள். மேடைப் பேச்சாளன் என்றால் ஜனங்கள் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்திலே வந்து உட்கார வேண்டும். இந்த மனிதரைக் கண்டால் ஜனங்கள் விலகுகிறார்கள். விரல்கள் மரத்துப் போகின்றன. வேலை இல்லை, சொத்து இல்லை. 1915இல் மனைவி மீனாட்சி அம்மையாரும் காலமாகி விட்டார். இப்போது பேசுவதற்கு, எழுதுவதற்கு அவருக்கு என்ன காரணம் மிச்சம்? கைதட்டலா? உத்தியோகமா? நமக்குத் தோன்றுவது இதுதான்: சிறை அவரிடம் விட்டு வைத்தது சொல் ஒன்றைத்தான். அதை விட்டால் அவர் இல்லை.

1913இல் சென்னையிலே ஞானபாநு என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியில் ஒளிந்திருந்த பாரதியார் அதில் எழுதினார். சின்னச் சங்கரன் கதை அதிலேதான் வந்தது. சிதம்பரனாரும் எழுதினார். அந்தப் பத்திரிகையிலே 1915இல் ஒரு வேடிக்கை நடந்தது. வடமொழி கலக்காமல் தனித்தமிழிலே கட்டுரை எழுதுகிறவருக்கு ஐந்து ரூபாய் பரிசு என்று அறிவித்தார். பத்திரிகையின் பெயரோ ஞானபாநு! அவருடைய சொந்த எழுத்திலோ வடமொழி மலிந்து கிடக்கும். சிலர் இதைக் கேலியாக எடுத்துக் கொள்ளலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு எது கைவரவில்லையோ அதைக் கை நீட்டிக் கேட்கிற மனிதனைத்தான் அதிலே காண்கிறோம். மேடையில் பெயர் வாங்கி, ஜெயிலுக்கும் போய் வந்த பிறகு, முப்பது வயதுக்கு மேலே, இன்னும் மொழியிலே ஒரு மாணவனாக இருந்தார். ஞானபாநு நின்ற பிறகு பிரபஞ்சமித்திரன் நடத்தினார். சிறையிலே எழுதத் தொடங்கியவற்றைப் புத்தகங்களாக்கினார்.

அவர் தூத்துக்குடியில் பேசிப் பத்து வருஷத்துக்குப் பிறகு, 1918 ஏப்ரலில், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி ஆலைத் தொழிலாளரிடையே வாடியா இங்கிலீஷில் பேச, உடனிருந்தவர்கள் தமிழிலே சொன்னார்கள். திரு.வி.க. போன்றவர்கள் அந்த மேடையிலே நல்ல தமிழைத் தொழிலாளியின் சொத்தாக்கினார்கள். அந்தப் பாதைக்கு முதல் மண்ணை வெட்டியவர்களில் வத்தலக்குண்டுக்காரரும் ஒருவர்.

1921இல் சந்நியாசியாகிச் சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக் கொண்டார். காவி உடை உடம்பை மூடியது, நோயையும் மூடியது. அந்த வருஷம் நவம்பரில் மறுபடியும் ராஜத்துரோகக் குற்றம். இரண்டரை வருஷம் தண்டனை. நோயின் கொடுமையைப் பார்த்துச் சில மாதங்களிலேயே விட்டு விட்டார்கள். வெளியே வந்தால் ரயிலில் ஏற முடியாது. தொற்று நோய்க்காரன் என்று தடை. ரயில் இல்லாவிட்டால் என்ன, மாட்டு வண்டி இருக்கிறது. மாட்டு வண்டி கிடைக்காத இடத்திலே கால் இருக்கிறது. புண்பட்ட கால். திருவனந்தபுரத்திலிருந்து நடந்து வந்த இளைஞனைப் போலவே, நாற்பது வயதிலே அந்த மனிதர் ஊர் ஊராகப் போனார், பேசினார். தர்மபுரிக்குப் பக்கத்திலே பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கினார். பாரதமாதாவுக்கு ஒரு ஆலயம் கட்ட வேண்டும் என்பது ஆசை. 1923 ஜூனில் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். அவர் காலத்திலே கட்டி முடியவில்லை. கோயில் கட்டுவதிலே நமக்குள்ள கருத்து வேறு. ஆனால் அதற்காகப் பணம் திரட்ட அந்த நோயாளி வண்டி வண்டியாக ஏறி இறங்கியதை நாம் வணங்கத்தான் வேண்டும்.

கடைசிப் பயணம் மதுரைப் பக்கத்திலிருந்து பாப்பாரப்பட்டிக்கு. 1925 ஜூலை 23ஆம் தேதி அங்கே உயிர் பிரிந்தது. நாற்பத்தொரு வயது நிறையவில்லை.

அவர் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. ஒலித்தட்டு இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் அவர் பேசியதிலே இன்று நம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அந்தப் போலீஸார் தட்டுத் தடுமாறி எழுதி, கோர்ட்டிலே காட்டி, கட்டிலே கட்டி வைத்த காகிதங்கள்தான். அந்த வழக்கைப் பற்றி நடந்த எல்லா ஆராய்ச்சியும் அதைப் புரட்டித்தான் நடக்கிறது. வத்தலக்குண்டுக்குப் போகிற திண்டுக்கல் தோழர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் பிறந்த ஊர் இதுதான் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லுங்கள். டீக்கடை பெஞ்சிலே சொன்னாலும் போதும்.